மலிவு விலை விண்டோஸ் டேப்: அன்றாட வேலைக்குத் தாங்குமா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன ஆடி மாதம் அவசரமாகக் கூப்பிட்டார். தள்ளுபடி நேரம், கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பில் போடும் மேசையில் பத்து அங்குல விண்டோஸ் டேப், அதில் ஒட்டிக்கொள்ளும் சின்ன கீபோர்டு, பக்கத்தில் பில் பிரிண்டர். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று நைட்டியும் ஒரு உள்பாவாடையும் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா பில்லுக்காக நின்றிருந்தார். “இன்னா தம்பி இது, காலைலேர்ந்து சுத்திகினே கீது. வாங்கி ஏழு மாசம்கூட ஆவல. புது புராசசர், நல்லா ஓடும்னு சொல்லித்தான் குடுத்தாங்க” என்றார்.

விற்றவர் சொன்னதில் பொய் இல்லை. உள்ளே இருந்தது இன்டெல் என்100. 2023-இல் வந்த சிப், நாலு கோர், ஆறாம் தலைமுறை லேப்டாப் ஐ5-ஐவிடக் குறைவில்லாதது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். அது திறக்கவே ஒரு நிமிடம் பிடித்தது. சிபியு 23 சதவீதம், மெமரி 91 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். பின்னால் விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது, இறங்கியதை விண்டோஸின் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டர் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் பழைய பில் புக்கை எடுத்து கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதி அந்த அம்மாவை அனுப்பிவைத்தார்.

மலிவு விலை விண்டோஸ் டேப் ஏன் தடுமாறுகிறது என்று யார் கேட்டாலும் நான் இந்த மூன்று எண்களைத்தான் சொல்கிறேன். புராசசர் கால்வாசி வேலைகூட இல்லாமல் சும்மா இருந்தது. அதற்கு வேலை கொண்டுவந்து கொடுக்க வேண்டிய இரண்டு பேர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார்கள். வாங்கும்போது நாம் கேட்பது புராசசரைப் பற்றி. நம் பொறுமையைச் சோதிப்பது ரேமும் ஸ்டோரேஜும்.

இந்தப் பக்கத்து மக்கள் ஏன் விண்டோஸ் டேப் தேடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘அதே காசுக்கு நல்ல ஆண்ட்ராய்டு டேப் வருமே’ என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். வரும்தான். ஆனால் கடைக் கணக்கு எழுதும் டாலி ஆண்ட்ராய்டில் நிறுவி ஓட்டும் சரக்கு இல்லை. கம்பெனிக் கணக்குத் தாக்கலுக்கு யூஎஸ்பியில் செருகுகிற டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு விண்டோஸ்தான் வசதி. பழைய பில் பிரிண்டருக்கு டிரைவர் விண்டோஸுக்குத்தான் இருக்கும். ராயபுரத்திலும் பிராட்வேயிலும் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிற டிடிபி கடைகளுக்குள் போய்ப் பாருங்கள்: யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களும் பேஜ்மேக்கரும் இன்னும் அங்கே சோறு போட்டுக்கொண்டிருக்கின்றன. கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் லேபில் பழகியது விண்டோஸ். வீட்டிலும் அதுவே இருந்தால் நல்லது என்று நினைப்பார்கள்.

இன்னொன்று, இடம். ஒரு ரூம், ஒரு அடுப்படி, அதில் ஐந்து பேர் என்று வாழ்கிற வீடுகளில் கம்ப்யூட்டர் டேபிள் போட முடியாது. டேப் என்றால் படித்து முடித்ததும் துணி அலமாரியில் புடவைகளுக்கு மேலே வைத்துவிடலாம். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓடும். குறைந்த காசில், கைக்கு அடக்கமாக, ‘முழு’ கம்ப்யூட்டர். இந்த ஆசை மிக நியாயமானது. அதனால்தான் இதை வாங்கி ஏமாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பலருக்கு அது ஒரு சீட்டுப் பணம்.

இந்த டேப்கள் எங்கிருந்து வந்தன

விண்டோஸ் 8 வந்தது 2012 அக்டோபரில். ஐபேடுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் மைக்ரோசாஃப்ட் தொடுதிரைக்காகவே அதை வடிவமைத்தது. ஆனால் விலை இறங்கவில்லை. சாம்சங்கும் சீன கம்பெனிகளும் ஆண்ட்ராய்டு டேப்களை மலிவாக அள்ளிக் கொட்டிய நேரம் அது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஒரு முடிவெடுத்தது: ஒன்பது அங்குலத்துக்குக் குறைவான திரை கொண்ட சாதனங்களுக்கு விண்டோஸ் இலவசம். இன்னொரு பக்கம் இன்டெல், டேப் சந்தையில் எப்படியாவது நுழைய வேண்டுமென்று ஆட்டம் சிப்களை வாங்குகிற தயாரிப்பாளர்களுக்குக் கைக்காசு போட்டு உதவியது. 2014-இல் மட்டும் அதன் மொபைல் பிரிவின் நஷ்டம் 400 கோடி டாலரைத் தாண்டியது.

அந்தப் பணத்தில் பிறந்த குழந்தைதான் ஆட்டம் இசட்3735எஃப். 1.33 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 1.83 வரை ஏறும், நாலு கோர், அதிகபட்சம் 2 ஜிபி ரேம். இந்தியாவில் மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் லேப்டேப் 2015-இல் 14,999 ரூபாய்க்கு இதே சிப்போடு வந்தது. அடுத்த ஆண்டு ஐபால் காம்ப்புக் 9,999 ரூபாய்க்கு. அது லேப்டாப் வடிவம், ஆனால் உள்ளுறுப்புகள் அதே: 2 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ். பத்தாயிரத்துக்கு விண்டோஸ் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். நானும் அந்தக் காலத்தில் ஒன்று வாங்கினேன், வேறு ஒரு கம்பெனியுடையது. முதல் இரண்டு மாதம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன்.

2016 ஏப்ரலில் இன்டெல் கையை உதறிக்கொண்டு போன்களுக்கான ஆட்டம் வரிசையை நிறுத்தியது. கைக்காசு போடுவதும் நின்றுபோனது. ஆனால் அந்தக் காலத்து வார்ப்பு அப்படியே தங்கிவிட்டது. போர்டிலேயே பற்றவைத்த ரேம், போர்டிலேயே பற்றவைத்த ஈஎம்எம்சி என்ற மலிவு வகை ஃபிளாஷ் ஸ்டோரேஜ், காற்றாடி இல்லாத உடம்பு. பத்து வருஷத்தில் சிப் மாறியது, அளவு 2-லிருந்து 4 ஜிபிக்கும் 32-லிருந்து 64 ஜிபிக்கும் ஏறியது. வார்ப்பு மாறவில்லை.

மேடையும் பரணும்

ரேமும் ஸ்டோரேஜும் என்ன செய்கின்றன என்று எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நான் சொன்ன விதத்தில் சொல்கிறேன். ரேம் என்பது அடுப்படி மேடை. சமைக்கும்போது கைக்கு எட்டுகிற தூரத்தில் பாத்திரம் பரப்பிக்கொள்கிற இடம். ஸ்டோரேஜ் என்பது பரண். மேடை பெரிதாக இருந்தால் குக்கர், வாணலி, தோசைக்கல் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே இருக்கும். மேடை சின்னது என்றால்? தோசைக்கல் வேண்டும்போது வாணலியைப் பரணில் ஏற்றிவிட்டு அதை இறக்க வேண்டும். கம்ப்யூட்டர் இதைத்தான் செய்கிறது. ரேம் நிரம்பினால், இப்போதைக்குத் தேவையில்லாததை ஸ்டோரேஜில் ‘பேஜ் ஃபைல்’ என்ற இடத்துக்குத் தள்ளிவிட்டு, தேவையானதை அங்கிருந்து இழுக்கிறது.

எஸ்எஸ்டி என்ற வேகமான ஸ்டோரேஜ் இருக்கிற லேப்டாப்பில் இந்த ஏற்றி இறக்குவது நமக்குத் தெரியாது. பரணுக்கு அகலமான படிக்கட்டு, நாலு பேர் ஏறலாம், நாலு பேர் இறங்கலாம். ஈஎம்எம்சியில் இருப்பது ஒரே ஒரு ஏணி. அதில் ஒரு நேரத்தில் ஒருவர் ஏறலாம் அல்லது இறங்கலாம், இரண்டும் சேர்ந்து நடக்காது. எழுதும்போது படிக்க முடியாது, படிக்கும்போது எழுத முடியாது. வேகத்திலும் வித்தியாசம் பெரிது. பழைய டேப்களில் இருந்த ஈஎம்எம்சியின் பாதைக்கு ஏட்டளவு உச்சம் விநாடிக்கு 200 எம்பி, புதியவற்றில் 400. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 550-ஐத் தொடும், என்விஎம்இ வகை ஆயிரக்கணக்கில் போகும். அதைவிட முக்கியம், அன்றாட விண்டோஸ் வேலை என்பது ஒரு பெரிய ஃபைலை நேர்கோட்டில் படிப்பது கிடையாது. ஆயிரம் சின்னச் சின்னத் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதிப் படிப்பது. அந்த இடத்தில் மலிவான ஈஎம்எம்சி மேலே சொன்ன உச்சத்துக்குக் கிட்டேகூட வராது.

இப்போது எம்.சி. ரோட்டுக் கடைக்குத் திரும்புங்கள். 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 எழுந்து உட்கார்ந்ததுமே அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. அப்புறம் டாலி, அப்புறம் வாட்ஸ்ஆப் வெப் திறந்த குரோம், அப்புறம் பேமென்ட் வந்ததா என்று பார்க்க குரோமிலேயே இன்னொரு பக்கம். மேடை நிறைந்துவிட்டது. ஏற்றி இறக்கத் தொடங்குகிறது. அதே ஏணியில் அப்டேட் மேலே ஏறுகிறது, அதே ஏணியில் டிஃபெண்டர் இறங்கிப் பார்க்கிறது. பில் போட ‘எண்டர்’ தட்டியவர் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார். இத்தனைக்கும் சமையல்காரர் கெட்டிக்காரர். பாத்திரம் வரவில்லையென்றால் அவர் என்ன செய்வார்?

2 ஜிபி டேப்களில் இந்தக் கதை சாதாரண நாளிலேயே நடக்கும், அப்டேட் வரவே வேண்டியதில்லை. குரோமில் ஐந்து பக்கம் திறந்தால் போதும். அப்படிப்பட்டதை யாராவது இன்றைக்கு ஐயாயிரம் ரூபாய்க்குப் பழசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெரும்பாலும் அவற்றில் 32-பிட் விண்டோஸ்தான் இருக்கும். டாலி பிரைம் 64-பிட்டில் மட்டுமே நிற்கும், விண்டோஸ் 11-ம் அப்படியே. ‘லினக்ஸ் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாமே’ என்று கேட்பவர்களுக்கு: பேட்ரெயில் (இசட்3735எஃப் போன்ற ஆட்டம் சிப்களின் குடும்பப் பெயர்) காலத்து டேப்கள் பலவற்றில் சிப் 64-பிட், ஆனால் டேப்பை எழுப்பிவிடும் உள்மென்பொருளான யூஇஎஃப்ஐ 32-பிட். இந்தக் குளறுபடியால் சாதாரண லினக்ஸ் பென்டிரைவைச் செருகினால் அது கண்டுகொள்ளவே கொள்ளாது. விஷயம் தெரிந்தவர்கள் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், கடைக்காரருக்கும் மாணவிக்கும் அது வழி இல்லை.

ஈஎம்எம்சி பற்றி இன்னும் இரண்டு விஷயம், ஏனென்றால் இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். ஒன்று, அது நிரம்ப நிரம்ப மந்தமாகும். காலி இடம் வைத்திருப்பது வேகத்துக்கும் நல்லது. இரண்டு, ஃபிளாஷ் மெமரிக்கு எழுதும் ஆயுள் உண்டு. ரேம் போதாத டேப் நாள் முழுக்கப் பேஜ் ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும், அந்த ஆயுளைக் கரைத்துக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் எஸ்எஸ்டி போனால் வேறு போட்டுக்கொள்ளலாம். இதில் போனால் போர்டே போனது.

32 ஜிபி என்ற கணக்கும் பென்டிரைவும்

பெட்டியில் 32 ஜிபி என்று போட்டிருப்பார்கள். ஆயிரத்தால் பெருக்கிப் போட்ட கணக்கு அது. விண்டோஸ் 1,024-ஆல் எண்ணும். அதனால் திரையில் 29 ஜிபி சொச்சம்தான் தெரியும். அதிலிருந்து விண்டோஸ், ரெக்கவரி பகுதி, பேஜ் ஃபைல் எல்லாம் எடுத்தது போக என் பழைய டேப்பில் மிஞ்சியது 9 ஜிபி. ஆஃபீஸும் குரோமும் போட்ட பிறகு 4. இந்த நிலைமை தெரிந்துதான் விண்டோஸ் 10-இல் சிஸ்டம் ஃபைல்களைச் சுருக்கி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தார்கள். அதுவும் ஓரளவுக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. ‘இடம் போதவில்லை, வெளியிலிருந்து ஒரு யூஎஸ்பி டிரைவ் செருகுங்கள்’ என்றது. டேப்பில் இருந்தது ஒரே ஒரு மைக்ரோ யூஎஸ்பி ஓட்டை. சார்ஜ் போடவும் அதுதான், பென்டிரைவ் செருகவும் அதுதான். பென்டிரைவ் செருகினால் சார்ஜ் இல்லை. சார்ஜ் இல்லாமல் அப்டேட் பாதியில் நின்றால் டேப் எழுந்திருக்காது. நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு, ஒரு இணைப்பு ஒயரில் பென்டிரைவைத் தொங்கவிட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, நாலு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 11 சதவீதத்தில் முடிந்தது. வீட்டில் ஒரே கம்ப்யூட்டராக அதை வைத்திருக்கும் பிள்ளை இதை எப்படிச் சமாளிக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விருப்பப்பட்டுப் பதிவு செய்தவர்களுக்கு அதற்குப் பின் ஓராண்டு, 2026 அக்டோபர் வரை, பாதுகாப்பு அப்டேட் மட்டும் என்று அறிவித்தார்கள். அந்தப் பழைய ஆட்டம் டேப்கள் எதுவும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. அதற்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, ஆதரவுப் பட்டியலில் உள்ள சிப் எல்லாம் வேண்டும். ஆன்லைன் பேங்கிங்கும் ஜிஎஸ்டியும் பார்க்கும் ஒரு சாதனத்தைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த 4, 64 என்ற எண்களைக் கவனியுங்கள். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் அடிமட்ட விலை டேப்களில் சரியாக இதே எண்கள் இருக்கும். தற்செயல் கிடையாது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் குறைந்தபட்சத்தைத் தொட்டுவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். குறைந்தபட்சம் என்றால் ‘நிறுவ முடியும்’ என்று பொருள். நிம்மதியாக வேலை செய்ய முடியும் என்று யாரும் எழுதித் தரவில்லை. பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கில்லை. மைக்ரோசாஃப்டே 2018-இல் 399 டாலருக்கு விட்ட சர்ஃபேஸ் கோவின் அடிப்படை மாடலில் 4 ஜிபியும் 64 ஜிபி ஈஎம்எம்சியும்தான் இருந்தன. கூடக் காசு கொடுத்தவர்களுக்கு 8 ஜிபியும் எஸ்எஸ்டியும். எதற்கு அதிகக் காசு வாங்கினார்கள் என்று பார்த்தாலே எது முக்கியம் என்று தெரிந்துவிடும்.

சரி, புராசசர் முக்கியமே இல்லையா? இருக்கிறது, ஒரு விஷயத்தில் ரொம்பவே. வீடியோ. யூடியூப் தன் வீடியோக்களை விபி9 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது. அதைப் பிரித்துக் காட்டுவதற்கென்று தனிப் பகுதி பேட்ரெயில் சிப்களில் இல்லை. எல்லாவற்றையும் அந்தப் பாவப்பட்ட நாலு கோர்களே செய்ய வேண்டும். அதனால்தான் அந்த டேப்களில் ஆன்லைன் வகுப்பு திக்கித் திக்கி ஓடியது. நெட் சரியில்லை என்று நாம் நினைத்துக்கொண்டோம். பிறகு வந்த ஜெமினி லேக் வகை, அதாவது செலரான் என்4000, என்4020 போன்றவை, விபி9-ஐத் தாமாகவே பிரிக்கும். என்100 அதற்கும் புதிய ஏவி1-ஐயும் பிரிக்கும். இன்றைய மலிவு டேப்பில் பாடம் பார்ப்பதற்கும் சீரியல் பார்ப்பதற்கும் குறை சொல்ல முடியாது. என்4020-இல் இருப்பது இரண்டே கோர். வீடியோ ஓடும்போது இன்னொரு வேலை கொடுத்தால் திணறும், அவ்வளவுதான்.

வெயில்

மதிப்புரைகள் எழுதப்படுவது ஏசி அறையில். நம் டேப் வேலை செய்வது கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. காற்றாடி இல்லாத டேப் தன் சூட்டைப் பின்பக்கத் தகடு வழியாகத்தான் வெளியே விட வேண்டும். ரூமே 38 டிகிரியில் கொதித்தால் அந்தச் சூடு எங்கே போகும்? சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும் என்று பெட்டியில் போட்ட சிப், மே மாத மத்தியானம் அதில் பாதிக்கும் கீழே ஓடுவதை வியாசர்பாடியில் ஒரு வீட்டில் நானே பார்த்தேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்த ரூம். பிள்ளை பஞ்சுத் தலையணை மேல் டேப்பை வைத்து அசைன்மென்ட் தட்டிக்கொண்டிருந்தாள். தலையணையை எடுத்துவிட்டு, சோறு பரிமாறும் எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து, டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்பினோம். பத்து நிமிடத்தில் வேகம் ஏறியது.

இந்தச் சூடு பேட்டரியையும் தின்னும். கடையில் காலை முதல் இரவு வரை சார்ஜரிலேயே செருகி வைத்திருக்கும் டேப்பின் முதுகு இரண்டாம் வருஷம் லேசாக வீங்கினால், உடனே அணைத்து வைத்துவிடுங்கள். அதற்குப் பின் சார்ஜ் போடக் கூடாது. திரை ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலும் அப்படித்தான்.

தொடுதிரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டாலி விசைப்பலகைக்காகப் பிறந்த மென்பொருள், விரலால் அதை ஓட்ட முடியாது. எக்செலும் அப்படியே. திரையில் வரும் கீபோர்டு பாதித் திரையை மறைத்துவிடும். கீபோர்டு சேர்ந்து வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், விலையில் அது பெரிய வித்தியாசம். தமிழில் தட்டுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 1999-இல் சென்னை மாநாட்டில் முடிவான தமிழ்99 விசைப்பலகை, 2019-இலிருந்து விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. தனி மென்பொருள் வேண்டாம், மேடையில் அந்த இடமும் மிச்சம்.

அப்படியானால் வாங்கலாமா

யாருக்கு, எதற்கு என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றால் 4 ஜிபி டேப் தாங்கும். பாடம் பார்ப்பது, வேர்டில் கட்டுரை தட்டுவது, பிடிஎஃப் படிப்பது, ஒரே ஒரு தளத்தைத் திறந்து விண்ணப்பம் நிரப்புவது. சி, பைதான் பழகும் முதலாமாண்டு மாணவிக்குக்கூடப் போதும். அவளே அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போட வேண்டும் என்றால் முடியாது, அதற்கு 8 ஜிபி ரேம் குறைந்தபட்சமாகவே கேட்கிறார்கள். கடை பில்லிங், டிடிபி, வீட்டுக்கே ஒரே கம்ப்யூட்டர் என்ற மூன்றுக்கும் 4 ஜிபி ஈஎம்எம்சி டேப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள என்100 டேப் கிடைத்தால், வாங்கலாம். அதே சிப்தான், ஆனால் வேறு மிருகம்போல ஓடும்.

2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க மெமரி சிப் விலை ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. விலை ஏறும்போது அடிமட்ட சாதனங்களில் முதலில் கை வைப்பது ரேமில்தான். அதனால் ‘புது மாடல்’ என்ற வார்த்தையை நம்பாமல் ரேம் எவ்வளவு என்று கேளுங்கள். எஸ்எஸ்டியா ஈஎம்எம்சியா என்று கேளுங்கள். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று பதில் வந்தால் அது ஈஎம்எம்சி.

கடையில் காட்சிக்கு வைத்த டேப் இருந்தால் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் ஆறு பக்கம் திறந்து, ஒன்றில் யூடியூப் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அது நூறைத் தொட்டு அங்கேயே நின்றால் உங்கள் வீட்டிலும் அங்கேதான் நிற்கும். விண்டோஸ் ‘எஸ் மோட்’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அதில் ஸ்டோர் ஆப்கள் மட்டுமே ஓடும், டாலி போட முடியாது. ஆனால் அதிலிருந்து வெளியே வருவது இலவசம். திரும்பப் போகத்தான் முடியாது.

அப்புறம், பழைய கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. அண்ணா சாலைப் பக்கம் போக ஒரு மெட்ரோ டிக்கெட். ஆஃபீஸ்களில் இருந்து கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப்கள், 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியுமாக, புது அடிமட்ட டேப்பின் விலையை ஒட்டியே பேரம் படியும். எட்டாம் தலைமுறை என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் 11-இன் இன்டெல் பட்டியல் பொதுவாக அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையை ‘அதுவும் ஐ5தான்’ என்று கையில் திணிப்பார்கள். எடை கூடுதல், பேட்டரி பழசு. இருந்தாலும் ரேமை மாற்றலாம், எஸ்எஸ்டியை மாற்றலாம், பேட்டரியை மாற்றலாம். காசு குறைவாக உள்ளவர்களுக்கு மாற்ற முடிவதுதான் பெரிய வசதி என்பது என் எண்ணம். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒவ்வொன்றாகச் சரி செய்துகொள்ளலாம் இல்லையா?

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் சில இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றும் ஓடுகின்றன. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ரேம் கூட்டி, நானே இரண்டு மூன்றைத் தேற்றிக் கொடுத்திருக்கிறேன். அதே காலத்தை ஒட்டி வந்த மலிவு டேப் ஒன்றுகூட இன்று ஓடி நான் பார்க்கவில்லை. 2025-26 பட்ஜெட்டில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப் அல்லது லேப்டாப் என்று அரசு அறிவித்தபோது, எங்கள் தெருப் பிள்ளைகளிடம் நான் சொன்னது ஒன்றுதான்: தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் வந்தால் லேப்டாப்.

எம்.சி. ரோட்டு அண்ணன் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு அப்டேட்டைக் கடை நேரத்தில் வராதபடி ஆக்டிவ் ஹவர்ஸை மாற்றினேன். வைஃபையை மீட்டர்டு இணைப்பு, அதாவது டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய இணைப்பு, என்று குறித்து வைத்தேன். தானாகத் தொடங்கும் ஆப்கள் ஒன்பதை நிறுத்தினேன். குரோமை மூடிவிட்டு வாட்ஸ்ஆப்பை போனிலேயே பார்க்கச் சொன்னேன். டிஸ்க் 100-லிருந்து இறங்கி 30, 40 என்று ஆடியது, பில் வந்தது. ஆடி மாதம் அப்படியே ஓடியது. தீபாவளிக் கூட்டத்தை இதை வைத்துச் சமாளிக்க முடியாது என்று அவரே சொல்லி, புரட்டாசியில் ஒரு பழைய லேப்டாப்பை எடுத்துவந்து பில் மேசையில் வைத்தார்.

டேப் மாடி கோடவுனுக்குப் போய்விட்டது. மூட்டை பிரிக்கும்போது வேலை பார்க்கும் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அளவு வாரியாக எத்தனை பீஸ் என்று ஒரே ஒரு ஷீட்டில் தட்டுகிறார். வேறெதுவும் அதில் திறப்பதில்லை. இப்போது அது சுற்றுவதும் இல்லை. ஆயுத பூஜை அன்று போயிருந்தேன். பில் பிரிண்டர், லேப்டாப், கத்தரிக்கோல், இன்ச் டேப் வரிசையில் அதற்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.